பெயர் இருக்கிறது, கொட்டில் எங்கே?

(சிராங்கூன் வட்டாரத்து மாட்டுக் கொட்டில்கள் பற்றிய ஒரு சரித்திரக் கட்டுரை)



பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். சரித்திரம் என்றதும் நம் மனம் எங்கே ஓடும்? ராஜராஜன், ராஜேந்திரன், கடாரம், கப்பற்படை என்று அரண்மனைப் பக்கம்தான் ஓடும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இந்த ஆண்டு நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் மாட்டுக் கொட்டகை. சிரிக்காதீர்கள்! அரண்மனையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கொட்டகையைப் பற்றி எழுத நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய கொட்டகைகளையும், புகைக்கூடங்களையும், இடிந்த லயங்களையும் தேடிப் போய்ப் படம் பிடிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. "வாத்தியாருக்கு வேற வேல இல்ல" என்று சிலர் சொல்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் இந்தப் பழக்கம் ஏன் வேண்டும் என்பதைச் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு எனக்குக் கற்றுக் கொடுத்தது. அந்தப் பாடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன்.

தெருப் பலகை சொல்லும் கதை

நம் பெற்றோர்களில் பலர் விடியுமுன் எழுந்து ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். 1924-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலம் நமக்கு வீட்டு வாசற்படி மாதிரி. தீபாவளி வந்தால் துணிமணிக்கும், கல்யாணம் வந்தால் மாலைக்கும் பாத்திரத்துக்கும் தேக்கா பக்கம் ஒரு நடை போய் வராதவர்கள் நம்மில் குறைவு. அடுத்த முறை போகும்போது, கையில் பை இருக்கட்டும், கண் மட்டும் கொஞ்சம் மேலே தெருப் பலகைகளில் இருக்கட்டும்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு தெரு, பஃபலோ ரோடு. ஆங்கிலத்தில் எருமை. அதற்கு அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. மலாயில் அதுவும் எருமைதான்! ஒரே பிராணிக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு. சிராங்கூன் ரோட்டின் மறுபக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் லெம்பு ரோடு. லெம்பு என்றால் மாடு. அதே பக்கத்தில் டெஸ்கர் ரோடு இருக்கிறது. இறைச்சி வியாபாரத்தில் பெரும்பொருள் சேர்த்த டெஸ்கர் என்ற யுரேசியரின் பெயர் அது. பெலிலியோஸ் ரோடு, பெலிலியோஸ் லேன் என்று இன்னும் இரண்டு உண்டு. கல்கத்தாவிலிருந்து வந்து இந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஐ. ஆர். பெலிலியோஸ் என்ற யூத வணிகரின் பெயர் அவற்றுக்கு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பெயர் ஒன்று உண்டு. அதுதான் கண்டாங் கெர்பாவ். எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். இந்த வட்டாரத்துக்கே அதுதான் பழைய பெயர். 1915-இல் கட்டப்பட்ட சந்தைக்கும் அந்தப் பெயர்தான். நாம் தேக்கா என்று சொல்வது ஹொக்கியன் சீனர் வைத்த பெயர். மூங்கிலடி என்று அர்த்தம். 1924-இல் இங்கே பிரசவ மருத்துவமனை தொடங்கியபோது அதற்கும் கண்டாங் கெர்பாவ் என்றே பெயர் நின்றது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகத்திலேயே ஒரே ஆண்டில் அதிகக் குழந்தைகள் பிறந்த மருத்துவமனை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. சிங்கப்பூரில் பிறந்த உங்கள் உறவினரில் பலர், எருமைக் கொட்டில் என்ற பெயர் கொண்ட இடத்தில்தான் முதல் மூச்சு விட்டிருக்கிறார்கள் என்றால் அது மிகையாகாது!

மாணவமணிகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கொட்டில் ஒன்றுகூட இல்லை.

மாடு ஏன் சிராங்கூனுக்கு வந்தது?

சிராங்கூன் ரோடு சிங்கப்பூரின் மிகப் பழைய சாலைகளில் ஒன்று. 1819-இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கிய சில ஆண்டுகளுக்குள் இந்தப் பக்கமாக ஒரு தடம் போடப்பட்டுவிட்டது. அப்போது இது ஊருக்கு வெளியே இருந்த சதுப்பு நிலம். ரோச்சோர் ஆறு பக்கத்தில் ஓடியது. தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லை.

எருமையின் உடம்பைப் பற்றி நம் தாத்தாமார்களுக்குத் தெரியாததா? கறுத்த தோல்; வேர்வைச் சுரப்பி குறைவு. வெயில் ஏற ஏற அதற்கு உடம்பு கொதிக்கும். தண்ணீரிலோ சேற்றிலோ படுத்தால்தான் சூடு தணியும். ஆகவே சேறும் ஆறும் உள்ள இடம் எருமைக்குச் சொர்க்கம். மனிதன் வீடு கட்டத் தயங்கிய நிலம் மாட்டுக்கு வீடாயிற்று.

ஊருக்கும் மாடு வேண்டியிருந்தது. லாரி இல்லாத காலம் அது. கப்பலில் வந்த சரக்கை இழுக்க மாட்டு வண்டி. குடிக்கத் தண்ணீர் கொண்டுவரவும் மாட்டு வண்டிதான். சைனா டவுனில் கிரேத்தா ஆயர் என்று ஓர் இடம் இருக்கிறது. தண்ணீர் வண்டி என்று பொருள். பிள்ளைகளுக்குப் பால், சமையலுக்கு நெய், இறைச்சி உண்பவர்களுக்கு இறைச்சி, தோட்டம் போடுபவர்களுக்கு எரு என்று எல்லாவற்றுக்கும் மாடு. இன்றைக்குப் பெட்ரோல் நிலையமும், பால் தொழிற்சாலையும், உரக்கடையும் செய்கிற வேலையை அன்றைக்கு ஒரு கொட்டில் செய்தது.

பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடலும் வந்தது. 1843-இல் அங்கே பந்தயம் ஓடத் தொடங்கியது. 1933-இல்தான் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. ஆக, ஒரு பக்கம் குதிரை லாயம், ஒரு பக்கம் மாட்டுக் கொட்டில். நடுவில் நம் சனங்கள்.

கொட்டிலில் பாடுபட்டவர்கள்

மாடு இருந்தால் ஆள் வேண்டும். புல் அறுக்க, சாணி அள்ள, குளிப்பாட்ட, பால் கறக்க, வண்டி ஓட்ட, கன்று போட்ட பசுவுக்கு இரவெல்லாம் விழித்திருக்க ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்குத் தமிழர்களும், வடநாட்டிலிருந்து வந்த பால்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். சிராங்கூன் வட்டாரம் இந்தியர் வட்டாரமாக வளர்ந்ததற்குக் கொட்டில்கள் ஒரு முக்கிய காரணம். செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் இன்னும் சில காரணங்கள்.

சிராங்கூன் ரோட்டில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொல்வார்கள். கம்பம் என்பது மலாய்க்காரர் சொல்லும் கம்போங்தான். சுண்ணாம்பு சுட்ட நம் ஆட்கள் குடியிருந்த கம்பம் அது. சிங்கப்பூரின் பழைய கட்டடங்களின் வெள்ளைச் சுவர்களைப் பார்த்து எல்லாரும் வியக்கிறார்கள். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு கொடுத்த காளவாய் எங்கே என்று கேட்டால், கோயிலின் பழைய பெயரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

கொட்டில் என்றால் எப்படி இருந்திருக்கும்? நமக்குத் தெரியாததல்ல. ஆற்றோரத்து அத்தாப்பு ஓலையோ தகரமோ வேய்ந்த கூரை. காற்று வர நாலு பக்கமும் திறப்பு. மாட்டின் பின்கால் பக்கம் மூத்திரம் ஓட ஒரு கால்வாய். ஒரு மூலையில் வைக்கோல், ஒரு மூலையில் பால் வாளி. பரணிலோ ஓரத்திலோ ஆள் படுக்க ஒரு பலகை. "மாடு படுத்தா நாங்களும் படுப்போம், மாடு எந்திரிச்சா நாங்களும் எந்திரிப்போம்" என்று மாடு வளர்த்த பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வாழ்க்கைதான்.

கொட்டில்கள் போன கதை

ஊர் வளர்ந்தது. சதுப்பு நிலத்தை வடித்து மேடாக்கினார்கள். கடைவீடுகள் எழும்பின. வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டில் இருந்தால் ஈயும் நாற்றமும் நோயும் வரும் என்று முனிசிபல் அதிகாரிகள் கட்டுப்பாடுகளை இறுக்கினார்கள். 1930-களில் மாடுகள் சிராங்கூனை விட்டு வெளியேற ஆரம்பித்தன. மோட்டார் லாரி வந்தது. வண்டி மாட்டுக்கு வேலை போயிற்று. டின் பால் வந்தது. பால்காரர் சைக்கிளும் மெல்ல மெல்ல மறைந்தது.

இதை நினைத்து முனிசிபலைத் திட்டுவது நியாயமாகாது. பிள்ளைகள் நோயின்றி வளரச் சாக்கடை சுத்தமாக இருக்கத்தான் வேண்டும். கொட்டில் வாழ்க்கை ஒன்றும் பூலோக சொர்க்கம் அல்ல. பழமை என்பதற்காக ஈயையும் சாணியையும் கட்டி அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டியது போகட்டும். ஆனால் அது எப்படி இருந்தது, அங்கே யார் இருந்தார்கள் என்ற விவரமும் சேர்ந்தே போய்விட வேண்டுமா? அதுதான் என் கேள்வி.

1989-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூர் அரசாங்கம் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. நல்ல காரியம். கடைவீடுகள் தப்பின. கெர்பாவ் ரோட்டில் 37-ஆம் எண் வீடு ஒன்று இருக்கிறது. 1900-இல் கட்டப்பட்டது, டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீடு. இன்று பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று வானவில் மாதிரி வர்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த வீட்டின் பின்னால் ஒரு காலத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடமும் இருந்தது. நம் தோட்டத்துப் புகைக்கூடத்துக்கு அது ஒரு தூரத்துச் சொந்தம்! வீடு இருக்கிறது, புகைக்கூடம் இல்லை. தெருவின் பெயரில் எருமை இருக்கிறது, எருமையைக் கட்டிய கொட்டில் இல்லை. முதலாளியின் வீடு நிலைக்கும், தொழிலாளியின் கொட்டகை நிலைக்காது என்பது எழுதாத சட்டம்போல் இருக்கிறது.

விதிவிலக்கும் ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். புக்கிட் தீமா பக்கம் ஒரு பெரிய பால் பண்ணை நடந்தது. இப்போது அந்த இடம் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா; 2009-இல் திறந்தார்கள். பண்ணையின் பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றை இடிக்காமல் செப்பனிட்டு வாலஸ் கல்வி நிலையம் ஆக்கினார்கள். 1854-இல் புக்கிட் தீமா காட்டில் வண்டுகளைச் சேகரித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரின் பெயர் அதற்கு. மாடு நின்ற இடத்தில் மாணவர்கள் பாடம் படிக்க வந்தார்கள். மனம் வைத்தால் கொட்டகையும் பிழைக்கும் என்பதற்கு இது சாட்சி.

படம் உண்டு, பெயர் இல்லை

அக்காலத்தில் கேமரா இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஜூல்ஸ் இட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் 1844-இல் எடுத்த சிங்கப்பூர்ப் படங்கள் இன்றும் இருக்கின்றன. 1860-களிலேயே லாம்பர்ட் என்பவர் படக்கடை திறந்தார். அவருடைய கம்பெனி எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக உலகமெல்லாம் போயின. மாட்டு வண்டி, வண்டிக்காரர், பால்காரர், சலவைக்காரர் என்று நம் ஆட்களையும் எடுத்தார்கள்.

ஆனால் அக்காலத்து அஞ்சலட்டைகளைப் பாருங்கள். கட்டடத்துக்குப் பெயர் இருக்கும். கவர்னருக்குப் பெயர் இருக்கும். வண்டிக்காரருக்கு? "தமிழன்" அல்லது "கிளிங்" அல்லது வெறும் "மாட்டு வண்டி". ஆளின் பெயர் இராது. எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார், அவர் பிள்ளைகள் யார் என்ற விவரம் இராது. முகம் நம்மை நேரே பார்க்கிறது. யாரென்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அவர் உங்கள் கொள்ளுத் தாத்தாவாகவும் இருக்கலாம், என் கொள்ளுத் தாத்தாவாகவும் இருக்கலாம்!

ஏன் அப்படி ஆயிற்று? கேமரா நம் கையில் இல்லை. எடுத்தவருக்கு நம் பெயர் தேவைப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு நேர்மாறாகச் சிங்கப்பூரிலேயே ஒரு பெண்மணி இருந்தார். மார்ஜோரி டாகெட் என்பது அவர் பெயர். 1947-இல் இங்கிலாந்திலிருந்து வந்து சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டவர். படம் பிடிப்பது அவர் தொழிலல்ல, தாமாகவே கற்றுக்கொண்டார். ஊரின் பழைய கட்டடங்களைத் தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் வரலாற்றையும் எழுதி, 1957-இல் புத்தகமாக வெளியிட்டார். அதில் உள்ள சில கட்டடங்கள் இன்று இல்லை, படங்கள் இருக்கின்றன. ஆர்வம் மட்டுமே மூலதனமாகக் கொண்ட ஒருவர் ஓர் ஊருக்கு எவ்வளவு பெரிய சொத்து சேர்த்து வைத்தார் பாருங்கள்.

மேல்நாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் கட்டடக் கலைஞர்கள் பலர் வேலையில்லாமல் நின்றார்கள். 1933-இல் அரசாங்கம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, படம் பிடித்துப் பதிவு செய்யும் வேலை அது. மாளிகைகளோடு பண்ணைக் கொட்டகைகளையும் சேர்த்தே பதிந்தார்கள். ஜெர்மனியில் பெர்ந்து பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற கணவனும் மனைவியும் 1959 முதல் சுரங்கக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, பழைய ஆலை என்று மூடப்படும் தொழிற்கூடங்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். "இதையெல்லாம் யார் பார்ப்பாங்க" என்று ஒதுக்கப்பட்ட பொருள்கள்தான் அவை. இன்று அவை பெரிய கலைக்கூடங்களில் தொங்குகின்றன.

நம் தோட்டத்துக்கு வருவோம்

தோழர்களே, சிராங்கூனுக்கு நடந்தது நமக்கும் நடந்துகொண்டிருக்கிறது. 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது நம் சனங்கள் தெருவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அதன்பின் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது.

லயம் போகிறது. ஆயாக்கொட்டகை போகிறது. பெரட்டுக் களம் புல் மண்டிக் கிடக்கிறது. புகைக்கூடத்தின் கறுத்த சுவரில் ஆலமரம் முளைக்கிறது. லயத்துக் கடைசியில் வரிசையாக இருந்த மாட்டுக் கொட்டகைகளில் இன்று மாடு நிற்பவை எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் பாழடைந்த கொட்டகை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் படம் எடுத்தேன். தகரம் பாதி பறந்துவிட்டது; நாலு கட்டுத்தறிகள் மட்டும் நட்டது நட்டபடி இருந்தன. படத்தைக் கழுவி எங்கள் பள்ளிக் கூடத்து அறிவிப்புப் பலகையில் மாட்டியிருந்தேன். பேரனை அழைத்துப் போக வந்த ஒரு பாட்டி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "என்ன பாட்டி?" என்றேன். "மூணாவது தறி எங்க செவலயோடது, வாத்தியாரே. அவரு கையால நட்டது" என்றார். அவர் என்றால் காலமான அவருடைய கணவர். அவருக்கு ஒரு போட்டோகூட வீட்டில் இல்லையாம். பழைய அடையாளக் கார்டும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். அந்த மனிதர் இந்த மண்ணில் நாற்பது வருஷம் பாடுபட்டார் என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் அந்த ஒரு தறிதான். கொட்டகை இப்போது இல்லை. அந்த இடத்தில் சாலை போட்டுவிட்டார்கள்.

படத்தை எடுத்துப் பாட்டியிடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், தாத்தாவின் பெயர், அவர் பிறந்த ஊர், செவலையின் பெயர்கூட எழுதினேன். லாம்பர்ட் கம்பெனி படத்தில் இல்லாதது அந்தப் படத்தில் இருக்கிறது.

எப்படி எடுப்பது?

இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. அதில் கேமரா இருக்கிறது. ஆகவே "எனக்கு வசதியில்ல" என்று யாரும் சொல்ல முடியாது. மாணவர்களுக்காகச் சில குறிப்புகள்:

முதலாவது, அனுமதி. தோட்ட நிர்வாகத்திடமோ சொந்தக்காரரிடமோ கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது. பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பழைய கொட்டகையில் பாம்பும் தேளும் குடியிருக்கும். உளுத்த பலகை காலை வாரிவிடும். பரண்மேல் ஏறவே கூடாது.

இரண்டாவது, நேரம். உச்சி வெயிலில் எடுத்தால் கூரையின் கீழ் எல்லாம் கறுப்பாகிவிடும். காலை நேரம் நல்லது. மேகம் மூடிய நாள் இன்னும் நல்லது. வெளிச்சம் சீராக விழும். நான் சொன்ன பெக்கர் தம்பதியர் மேகமூட்டமான நாளாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

மூன்றாவது, முறை. நேர் முன்னால் நின்று ஒரு படம். நாலு பக்கமும் ஒவ்வொரு படம். சுற்றுப்புறம் தெரியக் கொஞ்சம் தள்ளி நின்று ஒரு படம். பிறகு கிட்டே போய்க் கூரை முடிச்சு, கட்டுத்தறி, தண்ணீர்த் தொட்டி, கால்வாய், கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றை எடுங்கள். அளவு தெரிய ஒரு பால் வாளியையோ ஓர் ஆளையோ பக்கத்தில் நிறுத்துங்கள். உங்கள் மூஞ்சியை முன்னால் நீட்டி எடுக்கும் படம் ஒன்று போதும்!

நான்காவதுதான் மிக முக்கியம். எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்தத் தேதி, யார் கட்டியது, யார் யார் மாடு கட்டினார்கள், எப்போது மூடப்பட்டது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். பெயர் இல்லாத படம் பத்து வருஷம் போனால் ஊமைப் படம். படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுவதே நல்லது.

ஐந்தாவது, பாதுகாப்பு. கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், கைப்பேசி தண்ணீரில் விழுந்த அன்று சரித்திரமும் தண்ணீரில் விழும். முக்கியமான படங்களைக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் போட்டு வையுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பள்ளியில் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

சிங்கப்பூரில் 1968-இல் தேசிய ஆவணக் காப்பகம் வந்தது. 1979 முதல் முதியவர்களின் வாய்மொழிக் கதைகளை ஒலிப்பதிவு செய்து சேர்க்கிறார்கள். 2015-இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். தேக்காவுக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கேயும் ஒரு நடை அழைத்துப் போங்கள். கட்டிக் காக்க அரசாங்கமே முன்வந்த ஊரிலும் கொட்டில்களின் காலத்துக்கு அது பிந்தித்தான் வந்தது. நம் தோட்டங்களுக்குக் காப்பகம் கட்ட யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால், வருகிறவர்கள் புல்டோசரை ஓட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் கைப்பேசியோடு வந்து, "தாத்தா கொட்டகை எங்கப்பா இருந்துச்சு?" என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுங்கள். அதுவும் படிப்புதான். தொழிலாளத் தோழர்களே, உங்களிடம் கேட்க வரும் பிள்ளைகளிடம் மாட்டின் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். "நாமெல்லாம் என்னா பெரிய ஆளு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! ஒவ்வொருவரும் ஒரு கட்டடம், ஐந்து படம், ஒரு பக்கக் குறிப்பு கொண்டு வாருங்கள். அவற்றைத் தொகுத்து ஓர் ஆல்பமாக்கிப் பள்ளி நூலகத்தில் வைப்போம். பெலிலியோஸ் பெயரில் சிராங்கூனில் ஒரு தெரு இருக்கிறது. டெஸ்கர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அவர்களுடைய மாட்டைக் குளிப்பாட்டியவர் பெயரில் தெரு இல்லை. நம் தாத்தாக்கள் பெயரில் தெரு வைக்க நம்மால் முடியாது. ஒரு படத்தின் பின்னால் அவர்கள் பெயரை எழுதி வைக்க நம்மால் முடியும், இன்றே முடியும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!